சுவிட்சை அணைத்துவிட்டுத் திட்டுபவர்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். நான் முதலில் பார்த்தது ஒரு கையை. டீசலில் நனைத்த பஞ்சால் பித்தளைத் தகடு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த இடது கை. உள்ளங்கை அகலமுள்ள அந்தத் தகட்டில் எட்டு எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கடைசி எண் 510. கைக்கு உரியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“துண்டை வெளிய வச்சிட்டு வாங்க,” என்றார்.

என் தோளில் கிடந்தது துண்டு அல்ல, கேமரா பையின் வார். அதையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற எதற்கும் அங்கே அனுமதி இல்லை.

மேலூரிலிருந்து கொட்டாம்பட்டிக்குப் போகும் சாலையோரம் ஐந்து தகரக் கொட்டகைகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. நான்காவது அவருடைய லேத் பட்டறை. வயது நாற்பத்தைந்து இருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதினேன். எட்டிப் பார்த்து “நாப்பத்தாறு” என்றார். சேலையை இழுத்துச் செருகி, மேலே காக்கிச் சட்டை போட்டு, தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர். பரவைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, மூடிப்போன நூல் மில் ஒன்றின் ஏலத்தில் இந்த லேத்தை எடுத்திருந்தார். சீமையில் வார்த்தது, அவருடைய அப்பாவைவிட மூத்தது. குவாரி இயந்திரங்களுக்கு வேண்டிய பின்னும் புஷ்ஷும் அதில் கடைந்து கொடுத்தார்.

அவருக்குக் கோபம் வரும். தினமும் வரும். ஆனால் ஓடும் இயந்திரத்தின் முன் நின்று அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. முதலில் கை சுவிட்சுக்குப் போகும். பெல்ட்டின் சத்தம் தளரும். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழலும் ஒன்பது அங்குல வார்ப்பிரும்பு வட்டு இருக்கிறதே, சக் என்பார்கள், அது கடைசிச் சுற்றை முடித்து நிற்கும்வரை காத்திருப்பார். பிறகுதான் வாயைத் திறப்பார். நான்காவது கொட்டகையில் சத்தம் நின்றால், மற்றக் கொட்டகைகளில் “இன்னைக்கு யாருக்கோ இருக்குடா” என்பார்கள்.

நான் இருந்த அன்றே ஒரு குவாரி மேற்பார்வையாளருக்கு இருந்தது. பழைய பின் தொலைந்துவிட்டது, “சுமாரா ஒரு இன்ச்சு வச்சுக் கடைஞ்சிருங்கக்கா” என்றார் அவர். கை சுவிட்சுக்குப் போனது.

“சுமாரான்னா? உங்களுக்குச் சுமாரா ஒரு பொண்ணு பாத்தா கட்டுவீகளா? பின்னு இல்லைன்னா அது போற ஓட்டை இருக்குல்ல? போயி அளந்துட்டு வாங்க.”

“வெயிலா இருக்குக்கா.”

“வெயிலு எனக்கும்தான் இருக்கு. சுமாராவா இருக்கு?”

அவர் போய் அளந்துகொண்டு வந்தார்.

நான் அப்போது மதுரையில் ஒரு பத்திரிகையின் நிருபர். மகளிர் தினப் பக்கத்துக்கு, லேத் ஓட்டும் பெண் என்று ஒரு கட்டுரை. ஒன்றரை மணி நேரம் பேசினோம். புறப்படும்போது சுவரில் ஆணியில் தொங்கிய மின் இணைப்பு அட்டையைப் பார்த்தேன். அதில் அவருடைய கணவரின் பெயர் இருந்தது. ‘கணவரின் பட்டறைக்குத் தோள் கொடுக்கும் பெண்’ என்று எழுதினேன். தலைப்பாகவும் அதுவே வந்தது.

கணவர் சரக்கு வண்டி ஓட்டுபவர். பட்டறைக்குள் அவர் வருவது சோற்று வாளியோடு மட்டும். ஆண் பேரில் எழுதினால் வேகமாகக் கிடைக்கும் என்று சொல்லி, மின் இணைப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த இடைத்தரகர் எழுதிய பெயர் அது.

பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். சுவிட்சை அணைத்தார். சக் நின்றது.

“எதப் பாத்து எழுதுனீக?”

“கரண்டு கார்டுல...”

“தகட்டப் படிச்சிட்டுப் போயிட்டீக. சுத்திப் பாக்கல.”

எனக்குப் புரியவில்லை.

“மோட்டாரு வாங்குறவன் தகட்ட மட்டும் பாத்து வாங்குனா என்ன ஆகும்? அதேதான். நாளையிலேருந்து வாரவன் பூராம் ‘வீட்டுக்காரர் இல்லையா’ன்னு கேப்பான். நீங்களா வந்து பதில் சொல்லுவீக?”

அப்படித்தான் ஆனது. குவாரிக்காரர்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, கணவரைத் தேட ஆரம்பித்தார்கள். திருத்தம் எழுதிக் கொடுத்தேன். “மகளிர் பக்கத்துக்கெல்லாம் திருத்தம் போட்டா சிரிப்பாங்கய்யா,” என்றார் பக்கப் பொறுப்பாசிரியர். அதைச் சொல்லத்தான் மறுபடி மேலூருக்குப் போனேன். பட்டறையில் வார்னிஷ் கருகிய நாற்றம் அடித்தது.

நடவுக் காலம். சுற்றுவட்டாரக் கிணறுகள் அத்தனையிலும் மோட்டார் ஓடும், மின்னழுத்தம் இறங்கும். லேத்தின் பழைய மோட்டார் அதில் எரிந்திருந்தது. இரண்டு முறை கம்பி மாற்றிச் சுற்றிய மோட்டார். உள்ளிருக்கும் இரும்பே வெந்துவிட்டது, இனிச் சுற்றுவது வீண் என்று வைண்டிங்காரர் கைவிரித்திருந்தார்.

“திருத்தம் வரலயா?”

“வராது.”

“சரி. மதுரைக்கு வாரீகளா? மோட்டாரு எடுக்கணும். நீங்க பேசக் கூடாது. சும்மா நிக்கணும். அங்க யாரு யாருகிட்டப் பேசுறாகன்னு பாக்கணும். அதையாச்சும் சரியா எழுதிக்கங்க.”

வடக்கு வெளி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அந்தக் கடை. கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து என்னிடம் கேட்டார். “வாங்க சார். கிணறா, போரா?”

“லேத்துக்கு,” என்றார் அவர்.

“எத்தன அடியில சார் தண்ணி?”

“அண்ணே, லேத்துல தண்ணி வராது. இந்தப் பக்கம் பாத்துப் பேசுங்க.”

மதுரையைச் சுற்றிய வயல்வெளிக்கு மோட்டார் என்றால் தண்ணீர். கடையில் இருந்தவை பெரும்பாலும் பம்புக்கானவை. நிமிடத்துக்கு 2880 சுற்று, ஆர்.பி.எம். என்பார்கள். இந்த லேத்துக்கு வேண்டியது அதில் பாதி, 1440. குதிரைத்திறன் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம். வெளித்தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைகளில் கேட்பதும் சொல்வதும் ஹெச்.பி. மட்டுமே.

அவர் விரல் மடக்கிச் சொன்னார். “ரெண்டு ஹெச்.பி. மூணு ஃபேஸு. ஆயிரத்து நானூத்தி நாப்பது. கால் வச்சது. நாள் பூரா நிக்காம ஓடுறது.”

“எதுக்குங்க அம்புட்டு வெவரம்? ரெண்டு ஹெச்.பி.ன்னா ரெண்டு ஹெச்.பி.தான். வீட்டுக்காரரு வரலையா? அவரு வந்தா டக்குன்னு முடிச்சிருவாரு.” கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்களாச்சும் சொல்லுங்க.”

“அவரு பேசமாட்டாரு. பேசுனா தப்பாத்தான் பேசுவாரு.”

உள்ளேயிருந்து ஒரு மோட்டாரை உருட்டி வந்தார்கள். பச்சை வண்ணம் காயாத குறை. தகட்டில் 2 ஹெச்.பி., 1440 என்று தெளிவாக இருந்தது. அவர் குனிந்து தகட்டைப் பார்க்கவில்லை. தகட்டைப் பிடித்திருந்த ஆணிகளைப் பார்த்தார். “ஒடம்பு பழசு. ஆணி மட்டும் எப்பிடிண்ணே புதுசா இருக்கு?”

ஒயர் கூடையிலிருந்து முள் வைத்த பழைய மீட்டரை எடுத்தார். மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து, ஒரு சுருளின் இரண்டு முனைகளில் மீட்டரின் ஒயர்களைக் கொடுத்தார். தண்டின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு கையாலேயே தண்டை மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். உள்ளிருக்கும் இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சமிருக்கும். அது கடக்கும்போது முள் ஆடும். ஒரு சுற்றுக்கு முள் இரண்டு முறை ஆடினால் 1440. ஒரு முறை ஆடினால் 2880.

முள் ஒரு முறை ஆடியது. மறுபடி சுற்றினார். ஒரு முறைதான்.

“கரண்டு கொடுத்து ஓட்டிப் பாத்தா தெரியப்போகுது. முள்ள வச்சு சோசியமா பாக்குறீங்க?” என்றார் கடைக்காரர்.

“ஓட்டிப் பாக்குறப்ப எதுத்தாப்புல நிக்கிறது நானு.”

இதுதான் விஷயம். லேத்தின் பித்தளைத் தகட்டில் கடைசி எண் 510, நிமிடத்துக்கு அத்தனை சுற்று. அதற்கு மேல் அந்தச் சக் சுற்றக் கூடாது. இந்த மோட்டாரை மாட்டினால் அது ஆயிரத்து இருபது சுற்றும். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, உடையும். உடைந்தது பறக்கும் உயரம், லேத் ஓட்டுபவரின் நெஞ்சு உயரம்.

“சரி, தகடு மாறியிருக்கும். வைண்டிங் பய மாத்தி அடிச்சிருப்பான். வேணாம்னா வச்சிட்டுப் போங்க. எடுக்க ஆளா இல்ல?”

அணைக்க அங்கே சுவிட்ச் இல்லை. ஆனாலும் ஒரு சக் சுற்றி நிற்கும் நேரம் அவர் காத்திருந்தார். பிறகு மேசைமேல் கிடந்த சுத்தியலையும் எண் அச்சுப் பெட்டியையும் எடுத்தார். பெட்டியில் இருந்தவை இரும்பில் எண்களைப் பதிக்கும் சிறிய உளிகள். மோட்டாரைத் தாங்கும் இரும்புக் கால்மேல் நான்கு முறை அடித்தார். 2, 8, 8, 0.

“ஏய்! யாரு சரக்குல யாரு அடிக்கிறது? பொம்பளைன்னு பாக்குறேன்!”

“பாக்காதீக. தகட்டப் பிடுங்கி மாத்துவீகள்ல? இதப் பிடுங்குங்க பாப்போம்.”

இரண்டு தெரு தள்ளி, பெட்டி பிரிக்காத புது மோட்டார் ஒன்று கிடைத்தது. அதையும் சுற்றிப் பார்த்தார். முள் இரண்டு முறை ஆடியது. பஸ்ஸில் சாக்கு மூட்டையாகக் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

“அக்கா, இது முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?” என்றார் நடத்துநர்.

“ரெண்டு குதிர இருக்குப்பா உள்ள. குதிரைக்கு டிக்கெட் உண்டா ஒங்க பஸ்ஸுல?”

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

புது மோட்டாரின் தண்டு இருபத்து நான்கு மில்லிமீட்டர். தண்டில் மாட்டிப் பெல்ட்டை ஓட்டும் பழைய புல்லியின் துளை முக்கால் அங்குலம். துளையைப் பெரிதாக்க லேத் ஓட வேண்டும். லேத் ஓடப் புல்லி பொருந்த வேண்டும். வேறு வழியில்லாமல் ஐந்தாவது கொட்டகைக்குப் போனார்.

ஐந்தாவது கொட்டகைக்காரரும் லேத் வைத்திருந்தார். அவருடையதும் சீமை லேத், வார்ப்பிரும்புச் சக். தோளில் எப்போதும் துண்டு. நான்காவது கொட்டகைக்குள் வரும்போது மட்டும் அதை வாசல் ஆணியில் மாட்டியாக வேண்டும். “தங்கச்சி பட்டறைக்குள்ள போகணும்னா கோயிலுக்குப் போற மாதிரி துண்டை எடுக்கணும்ப்பா,” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தங்கச்சி என்று அவர் சொல்லும் இவருடைய அப்பா, அந்தக் கொட்டகைக்காரரின் அப்பாவுடைய வயலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர். அந்தச் சிரிப்பில் என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும்.

அரை நாள் காக்க வைத்தார். பிறகு துளையைக் கடைந்து கொடுத்தார். கட்டை விரலால் அழுத்தினால் தண்டில் ஏறும், கையை எடுத்தால் ஆடாது. அவ்வளவு சுத்தமான வேலை. “வேலைக்காரன்தான். வாய்தான் சரியில்ல,” என்றார் இவர், திரும்பி வரும்போது.

அந்தப் பருவம் முடிவதற்குள் ஐந்தாவது கொட்டகையின் மோட்டாரும் எரிந்தது.

சில வாரம் கழித்து எனக்குத் தொலைபேசி வந்தது. “பேப்பர்காரரே, இப்பவே வாரீகளா?” போனேன். என்னைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார். எனக்குத்தான் ஏதோ இருக்கிறது என்று நின்றேன். “கேளுங்க,” என்று தகரத் தடுப்பைக் காட்டினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அடிவயிற்றிலிருந்து வரும் வழக்கமான சத்தம் இல்லை. கீச்சென்று மெல்லிய, உயர்ந்த சத்தம்.

இருவரும் போனோம். ஐந்தாவது கொட்டகைக்காரர் உற்சாகமாக இருந்தார்.

“வா தங்கச்சி! இப்பத்தான்யா மோட்டாரு. முந்தி ஓடுனது கெழடு. பாதி நேரத்துல வேலை முடியுது, பாத்தியா?”

பச்சை வண்ணம். தகட்டில் 1440. மோட்டாரின் காலில் நான்கு எண்கள்.

“அண்ணே, இத நிறுத்துங்க. இது ரெண்டாயிரத்து எண்ணூத்தி எம்பது. அந்தா, கால்ல அடிச்சிருக்கு பாருங்க.”

“அதுவா? அது சீரியல் நம்பரு.” சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். மோட்டார் சீரியல் எண் 2880 என்று கடைக்காரர் கையால் எழுதியிருந்தார். “கேரண்டிக்கு அந்த நம்பருதான் முக்கியமாம். பத்திரமா வச்சுக்கச் சொன்னாரு.”

“அது நான் அடிச்சது.”

அவர் சிரித்தார். அங்கே நின்ற வாடிக்கையாளர் இருவரும் சிரித்தார்கள். “நீ என்ன கம்பெனியா வச்சிருக்க, நம்பர் அடிக்க?”

இவர் கை நீட்டி அந்த லேத்தின் சுவிட்சை அணைத்தார்.

சிரிப்பு நின்றது. “எம் பட்டறையில கைய வைக்கிற அளவுக்கு வந்திருச்சா? ஒங்கப்பன் எங்க வரப்புல நின்னவன். ரெண்டு இரும்பக் கடைஞ்சுட்டா எல்லாம் மாறிருமா? வெளிய போ!”

சக் நிற்கும்வரை இவர் காத்திருந்தார். “என்ன வேணாலும் சொல்லுங்கண்ணே. இத ஓட்டாதீக. முள்ளு வச்ச மீட்டரு இருக்கு, எடுத்தாரேன். நீங்களே சுத்திப் பாருங்க.”

“பொம்பள பேச்சக் கேட்டு மோட்டாரக் கழட்டுனான்னு எவனாச்சும் சொல்லணுமா?” சுவிட்சை மறுபடி போட்டார்.

சாலைக்கு வந்து அலுவலகத்துக்குப் பேசினேன். தகடு மாற்றிய மோட்டார்கள் விற்கிறார்கள், கண்ணால் பார்த்தேன் என்றேன். “யாருக்காவது அடிபட்டதா?” என்றது செய்தி டெஸ்க். இல்லை என்றேன். “அப்ப செய்தி எங்க இருக்கு?”

இவர் கொட்டகை வாசலில் நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பெட்டியில எண்ணு மட்டும்தான் இருந்துச்சு. எழுத்து இல்ல. ஆர்.பி.எம்.னு மூணு எழுத்து அடிச்சிருந்தா...” முடிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் இவர் வேலையை நிறுத்தினார். கடப்பாரையும் இரும்புக் குழாய்களும் வைத்து, கணவரின் உதவியோடு லேத்தை அங்குலம் அங்குலமாக உருட்டி, தகரத் தடுப்பிலிருந்து எதிர்ச்சுவரின் கோடி மூலைக்கு நகர்த்தினார். குவாரிக்குக் கொடுக்க வேண்டிய பின்கள் வேறொருவரிடம் போயின. பயந்துவிட்டாள் என்று ஐந்தாவது கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். அது இவர் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் பேசினார்கள்.

ஒன்பதாம் நாள் முற்பகலில் ஐந்தாவது கொட்டகையில் சக் உடைந்தது. மூன்று துண்டு. ஒன்று அவருடைய வலது கையை மணிக்கட்டோடு நசுக்கியது. ஒன்று கூரையில் போனது. இன்னொன்று தகரத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு வந்து, பல வருடமாக இவர் நின்று வேலை செய்த இடத்துக்கு நேர் எதிரே, சுவரில் நெஞ்சு உயரத்தில் பதிந்தது. முதலில் ஓடியவர் இவர்தான். முதலில் சுவிட்சை அணைத்தார். பிறகு அவருடைய தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையை இறுக்கிக் கட்டினார்.

நான் இருபத்தெட்டு வரி எழுதி அனுப்பினேன். மோட்டார், தகடு, காலில் அடித்த எண் எல்லாம் அதில் இருந்தன. ஐந்து வரி வந்தது. ‘மின்கசிவு காரணமாக லேத் இயந்திரம் வெடித்ததில் ஒருவர் காயம்.’

பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். அது கோழைத்தனமாகப் பட்டது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையால் வாங்கிப் படித்தார். ஐந்து வரியையும் இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். கை சுவிட்சுக்குப் போனது. பெல்ட் தளர்ந்தது. சக் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

அவர் பஞ்சை எடுத்து டீசலில் நனைத்தார். பித்தளைத் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது ஐந்தாவது கொட்டகைக்காரரின் மனைவி வாசலில் வந்து நின்றார். கொட்டகைச் சாவியை இவரிடம் கொடுத்து வைக்க வந்திருந்தார். கை இனி உதவாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம்.

“அந்த மோட்டாரு உள்ளதான இருக்கு?” என்று கேட்டார் இவர்.

“இல்லக்கா. கடைக்காரரு நேத்தே ஆள் அனுப்பி எடுத்துக்கிட்டாரு. கேரண்டி இருக்கு, வேற தாரோம்னு சொன்னாக. எங்க வீட்டுக்காரரு சொல்லிவிட்டபடி ரசீதக் காட்டுனேன். கால்ல இருந்த சீரியல் நம்பரச் சரிபாத்துட்டுத்தான் ஆட்டோவுல ஏத்துனாக.”